சர்வருக்கு ராசியான நம்பர்

"எட்டா? சர்வருக்குப் போய் எட்டாம் நம்பரையா குடுத்து வெச்சிருக்க?"

நல்லம்மாள் கேட்ட வேகத்தில், லோகனுக்குத் தான் ஏதோ கொலைக் குற்றம் செய்து மாட்டிக்கொண்டது போல இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் 'நல்லம்மாள் சில்க்ஸ்' கதவு திறந்து ஊதுபத்திகூட இன்னும் பாதி எரியவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குள் பஞ்சாயத்து.

"அம்மா, அது ஐபி அட்ரஸ். நெட்வொர்க்ல இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒன்னு இருக்கும். வீட்டு நம்பர் மாதிரி ஒரு அடையாளம், அவ்ளோதான்." லோகன் கணினித் திரையில் 192.168.1.8 என்று இருந்ததைக் காட்டினான்.

"வீட்டு நம்பர்னு நீயே சொல்ற. எட்டாம் நம்பர் வீட்ல நீ குடி போவியா?"

லோகன் போகமாட்டான். லிஃப்டில் நாலாம் மாடியை மறைத்து 'மூனு ஏ' என்று எழுதி வைக்கிற ஊர் இது. அவனுடைய சொந்த மச்சானே ஓட்டை கன்சில் காருக்கு நல்ல நம்பர் வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியவர். நம்பர் வந்து சேர்வதற்குள் காரின் பின் கதவு கழன்று விழுந்தது வேறு விஷயம். ஆகவே சர்வருக்கு எட்டு ஆகாது என்று ஒருவர் சொன்னால், லோகனுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதை நாம் முன்னாலேயே யோசிக்காமல் போனோமே என்றுதான் தோன்றியது.

ஆனால் நாள்தான் சரியில்லை. மேருவில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபிறகு, நாற்பது வயதில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து நெட்வொர்க்கிங் படித்து, அலைந்து திரிந்து பிடித்த வேலை இது. இன்றோடு தகுதிகாண் காலம் முடிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளியம்மாவின் மகள் ஷாமினி ரவாங்கிலிருந்து வந்து, வேலையை நிரந்தரமாக்குவதா, ஆளை வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு சொல்வாள். லோகனின் மனைவி புனிதாவோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் ஐடில இருக்காரு" என்று தங்கள் குடியிருப்பான தாமான் முழுக்கச் சொல்லி முடித்து, நாலு வீட்டு வைஃபையைப் பார்த்துக் கொடுப்பதாக வாக்கும் கொடுத்திருந்தாள்.

"அடுத்த வாரம் மாத்திடலாம்மா. இன்னைக்கு மேடம் வராங்க."

"சனி அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்குமா? இரு, நம்ம ஜோசியர் நாகையா ஐயாகிட்ட கேட்டுடறேன்."

நல்லம்மாள் ஹேன்ட்போனை எடுத்துக்கொண்டு பட்டுப்புடவை அலமாரிப் பக்கம் ஒதுங்கினாள். "ஐயா, நான்தான் பேசறேன். இன்னைக்கு மாத்திடறோம்... ஆமா, இப்பவே... சீக்கிரம் லா, ரொம்ப நேரம் கிடைக்காது" என்பது மட்டும் லோகனின் காதில் விழுந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது போலிருக்கிறது என்று அவனும் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அஞ்சு" என்று திரும்பி வந்து அறிவித்தாள் நல்லம்மாள். "புதன். வியாபாரத்துக்கு அதை மிஞ்சின நம்பர் இல்ல. நம்பர் மாத்துற நேரத்துல நான் முன்னால இருக்கக்கூடாதாம். பின் ரூம்ல உக்காந்து ஜெபம் பண்ணணும். கூப்பிடாத. அப்புறம் ஒரு விஷயம், ஷாமினிகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. படிச்ச புள்ள, சிரிப்பா."

ஷாமினியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் ரவாங்கில் இருந்தாலும் கடையில்தான் இருந்தாள். முன்னால் நான்கு, பின் அறையில் இரண்டு என்று ஆறு கேமராக்களை மாட்டி, எல்லாவற்றையும் கடை சர்வரில் இணைத்து, தன் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. கேமராவுக்குப் பேசவும் தெரியும். திடீரென்று மேலேயிருந்து அசரீரி கேட்கும். "லோகன் அண்ணே, இது ரெண்டாவது டீ." "குமுதா அக்கா, கஸ்டமர் வந்து நிக்கிறாங்க, போனைக் கீழ வைங்க." டாக்டர் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்று சொன்னதிலிருந்து பெற்ற தாய்க்கும் அதே மரியாதைதான். "அம்மா, ஓட்ஸ் அப்படியே இருக்கு பாருங்க." கல்லாவில் இருக்கும் குமுதா அக்கா கொட்டாவி விடுவதற்குக்கூடக் குனிந்து மேசைக்கு அடியில் போய்த்தான் விடுவாள்.

லோகன் கல்லாக் கணினியிலிருந்தபடியே பின் அறை சர்வருக்குள் நுழைந்தான். எட்டை அழித்தான், ஐந்தைப் போட்டான், ஓகே அழுத்தினான். இவ்வளவுதானே என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"தம்பி, சர்வர் காணோம்னு வருது. எங்க போச்சு?" என்றாள் குமுதா.

"எங்கயும் போகலக்கா. வீடு மாறிடுச்சு. உங்க மெஷின் இன்னும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கு."

"அப்போ புது அட்ரஸை அதுகிட்ட சொல்லு."

சொன்னான். அந்த மெஷினுக்குச் சொல்லி, பக்கத்து மெஷினுக்கும் சொல்லி முடித்தான். பில் ஒரு தடவை வந்தது, இரண்டு தடவை வரவில்லை. கிள்ளானிலிருந்து கூறைப்புடவை எடுக்க வந்திருந்த ஒரு கல்யாணக் குடும்பம், பெண், பெண்ணின் அம்மா, மூன்று அத்தைகள் சகிதமாகக் கல்லாவை மொய்த்துக்கொண்டு நின்றது. வியர்க்க வியர்க்கத் தேடியபோதுதான் தெரிந்தது, பில் அடிக்கும் பிரிண்டருக்கும் ஏற்கெனவே ஐந்தாம் நம்பர்தான். ஒரே நம்பரில் இரண்டு பேர் குடியிருந்தால் தபால் யாருக்குப் போகும்? ஒரு சமயம் இங்கே, ஒரு சமயம் அங்கே.

பிரிண்டரை வேறு நம்பருக்கு மாற்றினான். காலியாக இருந்த நம்பர் எது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. இப்போதுதானே எட்டு காலியானது.

போன் அடித்தது. ஷாமினி.

"லோகன் அண்ணே, கேமரா எல்லாம் ஏன் கறுப்பா இருக்கு?"

அப்போதுதான் கேமராக்களின் ஞாபகம் வந்தது. அவையும் பாவம், பழைய வீட்டுக்கே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தன. "சின்ன மெய்ன்டெனன்ஸ் மேடம், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, ஆறு கேமராவுக்கும் புது நம்பரைச் சொல்லி, வெளி உலகத்துக்கு வழி விடும் ரூட்டரிலும் அதையே எழுதி முடித்தான். அந்த ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக நீண்டிருந்தது.

கேமராக்களில் பச்சை விளக்கு எரிந்தது. அதே நேரம் பின் அறையின் கதவு திறந்து, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு நல்லம்மாள் வந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிவு. ஜெபத்துக்கு இவ்வளவு சக்தியா என்று லோகனே அசந்துபோனான். இத்தனை நாள் கடையில் நிற்கிறான், முதலாளியம்மா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்து வந்து அவன் பார்த்ததில்லை.

"எங்கம்மா போயிருந்தீங்க?" என்றது கேமரா.

முணுமுணுப்பு நின்றுவிட்டது. "வந்துடுச்சா? அதுக்குள்ளவா?" என்று லோகனைப் பார்த்தாள். "கெட்டிக்காரன்தான் நீ" என்றும் சொன்னாள். ஆனால் பாராட்டுகிற குரலாக அது இல்லை.

பதினைந்து நிமிஷம்கூட நிம்மதி நீடிக்கவில்லை. எதற்கோ பிரிண்டர் பக்கம் போன நல்லம்மாள், அது தொடங்கும்போது துப்பிய சோதனைக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எட்டைத் தூக்கிப் பிரிண்டருக்குக் குடுத்தியா? வர்ற கஸ்டமர் ஒவ்வொருத்தர் கையிலயும் சனியை மடிச்சு மடிச்சுக் குடுக்கிறதுக்கா?"

மறுபடியும் நாகையா ஐயா. மறுபடியும் அலமாரிப் பக்கம் ஒதுங்கிக் கிசுகிசு. திரும்பி வரும்போது முடிவு தயாராக இருந்தது.

"பிரிண்டரை எங்க வேணும்னாலும் போடு. சர்வருக்கு ஒன்னு. சூரியன். ராஜா நம்பர்."

லோகன் பதறிப்போனான். "அம்மா, ஒன்னாம் நம்பர் ரூட்டரோடது! தாமான் வாசல்ல காவல்காரர் உக்கார்ற கார்ட் ஹவுஸ் இருக்குல்ல, அது மாதிரி. உள்ள இருந்து வெளிய போறது எல்லாம் அதைத் தாண்டித்தான் போகணும். அதை அசைக்கக்கூடாது."

"அதாவது, வாசல்ல உக்காந்திருக்கிற ஜாகாவுக்கு ஒன்னாம் நம்பர். கடை கணக்கு மொத்தத்தையும் வெச்சிருக்கிற சர்வருக்கு அஞ்சாம் நம்பர். நல்லா இருக்கே நியாயம்!"

நல்லம்மாள் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரூட்டரை 254க்குத் தள்ளிவிட்டுச் சர்வரை ஒன்றில் உட்கார வைத்தான். அவ்வளவுதான், கடையே உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. மற்ற மெஷின்கள் எல்லாம் வழக்கம்போல வெளியே போவதற்கு ஒன்றாம் நம்பரிடம் போய் நின்றன. அங்கே இப்போது ஜாகா இல்லை, ராஜா இருந்தார். ராஜாவுக்குக் கேட்டைத் திறக்கத் தெரியவில்லை. கார்டு மெஷின் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. கல்யாணக் குடும்பத்தின் பெரிய அத்தை, கார்டை நீட்டிய கையை மடக்காமல், "நாங்க என்ன, பொண்ணுக்குச் சீமந்தத்துக்கும் இங்கயே இருந்து எடுத்துட்டுப் போறதா?" என்று கேட்டாள். கடையில் பாதிப்பேர் சிரித்தார்கள். லோகனுக்கு அழுகைதான் வந்தது.

மெஷின் மெஷினாக, கேமரா கேமராவாக, வாசல் எங்கே மாறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனான். மத்தியானச் சாப்பாடு அதில் போயிற்று. ஏணியில் நின்று நாலாவது கேமராவின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தபோது ஷாமினி மறுபடியும் அழைத்தாள்.

"உங்களுக்கு நெட்வொர்க்கிங் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் ஒரே நாள்ல ரெண்டு தடவை போகுது? எனக்குக் கேமரா முக்கியம்னு முதல் நாளே சொன்னேன். அஞ்சு மணிக்கு நான் வரும்போது எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கணும். இல்லன்னா மன்னிச்சுக்குங்க அண்ணே, வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

உங்கம்மாதான் மாற்றச் சொன்னார்கள் என்ற வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்தது. முதலாளியம்மா சொன்ன சொல்லை எப்படி மீறுவது? விழுங்கிக்கொண்டான். மேருவில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் புனிதாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த முகத்திடம் போய் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே அடுத்த கேமராவுக்கு ஏணியை நகர்த்தினான்.

எப்படியோ நெட் வந்தது. கேமரா வந்தது. கதவும் திறந்தது. நல்லம்மாள் முன்பைவிடப் பிரகாசமாக வெளியே வந்தாள். பச்சை விளக்கைப் பார்த்ததும் பிரகாசம் பாதியாகக் குறைந்தது.

"இந்தத் தம்பி வேலையில ரொம்ப வேகம் லா" என்று குமுதாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

மணி நாலைத் தாண்டியது. இனிமேல் எதையும் தொடுவதில்லை என்று இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு லோகன் நின்றிருந்தான். அப்போதுதான் நல்லம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள்.

"மூனாவதா ஒரு ஒன்னு, அதுக்குப் பின்னால இன்னொரு ஒன்னு. ரெண்டு ராஜா ஒரே வீட்லயா? அடிச்சுக்குவாங்க. ஆறு, ஆறுன்னு போட்டுடு. சுக்கிரன். பட்டுக்கடைக்கு அதான் யோகம்."

"அம்மா!" லோகன் கும்பிடாத குறைதான். "கடைசி நம்பரை மாத்தினா வீடுதான் மாறும். மூனாவது நம்பரை மாத்தினா தாமானே மாறிடும்மா. சர்வர் மட்டும் அடுத்த தாமானுக்குப் போயிடும். இங்க இருக்கிற ஒருத்தரும் அதுகூடப் பேச முடியாது."

"எல்லாரையும் அந்தத் தாமானுக்கே கூட்டிட்டுப் போயிடு."

"மேடம் வர்ற நேரம்மா. என் வேலை போயிடும்."

நல்லம்மாள் அவனை ஒரு நொடி பார்த்தாள். அந்தப் பார்வையில் உண்மையாகவே ஒரு இரக்கம் இருந்தது. ஆனால் இரக்கத்தைவிடப் பெரியதாக வேறு ஏதோவும் இருந்தது. "நான் இருக்கேன்ல? என் கடை. உன்னை யாரு அனுப்புவா? இது ஒன்னுதான், கடைசி. அதுக்கப்புறம் நான் நம்பர் பேச்சே எடுக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஹேன்ட்போனில் எண்ணை அழுத்தியபடி பின் அறைக்குப் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

லோகன் கல்லாக் கணினியில் உட்கார்ந்தான். சர்வருக்குள் போனான். ஆறு, புள்ளி, ஆறு என்று தட்டினானா, அவசரத்தில் அறுபத்தாறு என்று தட்டினானா என்பது அவனுக்கே நிச்சயமில்லை. ஓகே அழுத்தியதும் திரை உறைந்தது. அதற்கப்புறம் ஆறு என்று கூப்பிட்டான், அறுபத்தாறு என்று கூப்பிட்டான், தெரிந்த நம்பரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். சர்வர் திரும்பிப் பார்க்கவே இல்லை. எந்தத் தாமானுக்குக் குடிபோனதோ, யாருக்குத் தெரியும்?

இனி ஒரே வழிதான். நேரே சர்வருக்கு முன்னால் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சர்வர் பின் அறையில் இருந்தது. பின் அறை தாழிட்டிருந்தது.

"அம்மா, கதவைத் திறங்க! சர்வர்கிட்ட போகணும்!"

"ஜெபத்துல இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வாய் நிறைய மந்திரம் இருந்ததாலோ என்னவோ, குரல் கொஞ்சம் குழறியது. "பாதியில எழுந்தா பலிக்காது!"

"அஞ்சு மணி ஆகப் போகுதும்மா!"

"ஆகட்டும் லா! முடியப் போகுது!"

அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது, கடைக்குள் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. குமுதா அக்கா, எதற்கும் இருக்கட்டும் என்று, வாடிக்கையாளர் யாரும் பிரித்துப் போடாத புடவையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். லோகன் மெதுவாகத் திரும்பினான். கேமராவில் வருகிற குரலுக்கு உரியவள் கைகால்களோடு எதிரே நின்றாள். ஸ்டேஷனிலிருந்து வேகமாக நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"கறுப்பு" என்றாள் ஷாமினி, கைப்பேசியைத் தூக்கிக் காட்டி. "காலையில கறுப்பு, மத்தியானம் கறுப்பு, இப்பவும் கறுப்பு. என்ன பண்றீங்க நீங்க?"

"ஐபி அட்ரஸ் மாத்தினேன் மேடம்."

"மூனு தடவையா? எதுக்கு?"

லோகன் சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். அந்தக் கதவு திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் சோறு போய்விடும். "நாகையா ஐயா சொன்னாரு மேடம்" என்றான் மெல்ல.

"யாரு அந்த நாகையா?"

கதவு இப்போது திறந்தது. தலைப்பால் உதட்டை ஒற்றிக்கொண்டு வெளியே வந்த நல்லம்மாள் மகளைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு சமாளித்துக்கொண்டாள். "வாம்மா! லோகனை ஒன்னும் சொல்லாத. நல்ல புள்ள. நான்தான் மாத்தச் சொன்னேன். நாகையா ஐயா பெரிய ஜோசியர். நம்பர்ல புலி."

"உங்களுக்கு எப்போலேருந்து ஜோசியம்? அப்பா உயிரோட இருந்தப்போ ஜோசியக்காரரைப் படியேற விட மாட்டீங்களே!"

"வயசாகுதுல்ல."

"சரி. அந்தப் புலிகிட்ட நானே கேக்கறேன்" என்று ஷாமினி கையை நீட்டினாள். "ஒரு சர்வருக்கு ஒரே நாள்ல மூனு நம்பர் சொல்றவர் யாருன்னு தெரிஞ்சாகணும். அப்படி ஒரு ஆள் நிஜமாவே இருந்து, அவர் பேச்சைக் கேட்டுத்தான் இவ்வளவும் நடந்துச்சுன்னா லோகன் அண்ணே மேல தப்பில்ல. நாளைக்கும் வேலைக்கு வரட்டும். இல்ல, அண்ணே தெரியாம எல்லாத்தையும் கெடுத்திருந்து, நீங்க பாவம் பாத்துக் கதை விடறீங்கன்னா, இன்னையோட சரி."

"அவர் தெரியாதவங்ககிட்ட பேச மாட்டாரும்மா. பூஜை நேரம் வேற..."

"போனைக் குடுங்கம்மா."

நல்லம்மாள் ஹேன்ட்போனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஷாமினி சுற்றிப் போய் வாங்கிக்கொண்டாள். கடைசியாக அழைத்த எண் நாகையாவுடையதுதான். அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரையும் போட்டுக் கல்லா மேசையில் வைத்தாள். மணி அடித்தது. கல்யாணக் குடும்பத்து அத்தைகள் மூவரும் நல்ல நம்பர் கிடைத்தால் நமக்கும் ஆகுமே என்று கிட்டே நெருங்கினார்கள். லோகன் தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு கண்ணை மூடினான். 'ஐயா, நான்தான் மாத்தச் சொன்னேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.'

மறுமுனையில் பாத்திரம் உரசும் சத்தமும் ஐஸ் சீவும் சத்தமும் கேட்டன. ஒரு கனத்த குரல் உற்சாகமாகப் பேசியது.

"என்னம்மா, கேமராவுக்கு இன்னும் உயிர் வரலையா? அப்போ நாலாவது கிண்ணம் ஐஸ் செண்டோலுக்கும் சக்கரைப் பாகை அதிகமாவே ஊத்திக் கொண்டாரேன், பின் கதவைத் தெறந்து வைங்க!"